நான்காம் நாள் வீடு, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு, வயிற்றைக் கிழிக்காமல் தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (ரத்தக் குழாய்க்குள் பொருத்தும், துணி போர்த்திய உலோக வலைக் குழாய்) வைப்பது பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் படித்தேன். நோயாளி எத்தனை நாளில் எழுந்து நடந்தார் என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. எனக்கு உறுத்தியது அதுதான்.

பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை 37 மருத்துவமனைகளில் 1,252 பேரைச் சேர்த்து, இந்த ஸ்டென்ட் முறையையும் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையையும் ஒப்பிடும் 'ஈவார்-1' ஆய்வு நடந்தது. முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஸ்டென்ட் முறையில் 1.8 சதவீதம், திறந்த அறுவையில் 4.3. அத்தோடு கணக்கை மூடியிருக்கலாம். மூடவில்லை. 2016இல் வந்த 15 ஆண்டுக் கணக்கில் நிலைமை தலைகீழ்: எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களிடம்தான் இறப்பு அதிகம். பழைய வீக்கம் மறுபடி பெருத்து வெடித்தது ஒரு முக்கியக் காரணம். (அந்த ஸ்டென்ட்கள் பழைய ரகம், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

என் அப்பாவுக்கும் இதே சிகிச்சைதான். நான்காம் நாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார். வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரியில், பொடி எழுத்தில். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் கோப்பைத் துழாவும்போதுதான் கண்ணில் பட்டது.

அடுத்த முறை எழுதும்போது, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அந்த நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்றும் டாக்டர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்