வெள்ளைக் கையுறை

அன்பு மகளுக்கு,

போன வாரம் ஃபோனில் இரண்டு விஷயம் சொன்னேன். அந்த நிறவெறி எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போகாதே என்றேன். அங்கே கவிதை வாசிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதும், "கவிதை வாசித்தால் நிறவெறி ஓடிவிடுமா?" என்று சிரித்தேன். நீ சண்டை போடவில்லை. ஃபோனை வைத்ததும் ஒரு கவிதையை மட்டும் அனுப்பினாய். அமெரிக்காவின் பர்மிங்ஹாம் பற்றி டட்லி ராண்டல் என்ற கறுப்பினக் கவிஞர் எழுதிய கதைப்பாட்டு.

எட்டே பத்திதான், குழந்தைப் பாட்டு மாதிரி ஓடுகிறது. ஒரு சிறுமி கேட்கிறாள்: அம்மா, விளையாடுவதற்குப் பதில் நான் ஊர்வலத்துக்குப் போகட்டுமா? தாய் வேண்டாம் என்கிறாள். அங்கே நாய் இருக்கும், தடி இருக்கும், தண்ணீரைப் பீய்ச்சுவார்கள், துப்பாக்கி, சிறை. எதுவும் வீண் பயமில்லை. 1963 மே மாதம் அலபாமாவின் அந்த ஊரில், சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள்மேல் போலீஸ் நாயை ஏவியது. தீயணைப்புக் குழாயைத் திருப்பினார்கள். நூற்றுக்கணக்கில் பிடித்து அடைத்தார்கள். அதனால் பாட்டின் தாய் மகளைத் தேவாலயத்துக்குப் போய்ப் பாடு என்று அனுப்புகிறாள். தலை வாரி, குளித்து, சின்னப் பழுப்புக் கைகளில் வெள்ளைக் கையுறை, காலில் வெள்ளை ஷூ. பிள்ளை பத்திரமான இடத்தில் இருக்கிறாள் என்று தாய் புன்னகைக்கிறாள்.

அந்தப் புன்னகை வந்த இடத்தில் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

அதே வருஷம் செப்டம்பர் 15, ஞாயிறு காலை, அந்த ஊரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. செத்த நான்கு சிறுமிகளில் மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. பாட்டில் வரும் தாய், கண்ணாடியையும் செங்கல்லையும் கையால் கிளறி ஒற்றை ஷூவை எடுக்கிறாள்.

ஒன்று கவனித்தாயா? குண்டு வைத்தவர்கள் பாட்டில் எங்குமே இல்லை. வெள்ளை என்ற சொல் கையுறைக்கும் ஷூவுக்கும்தான் வருகிறது. கோபமாக நாலு வரி திட்டியிருந்தால் நான் "ஆமாம், பாவம்" என்று கடந்துபோயிருப்பேன்.

நீ பள்ளியில் ஒப்பித்த புறநானூற்றுப் பாட்டு ஞாபகம் வந்தது, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. அந்தத் தாயும் ஒற்றை மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, தலையில் எண்ணெய் நீவித்தான் அனுப்புகிறாள். ஆனால் போர்க்களத்துக்கு. எனக்கு அவளை என்றைக்கும் பிடித்ததில்லை, இப்போதும் இல்லை. நான் பர்மிங்ஹாம் தாயின் பக்கம். அவள் என்ன தப்பு செய்தாள்? நான் உன்னிடம் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ராண்டல் டெட்ராய்ட்டில் நூலகராக இருந்தவராம். 1965இல் இந்தப் பாட்டை ஒற்றைத் தாளில் அச்சடித்துத்தான் தன் பதிப்பகத்தைத் தொடங்கியிருக்கிறார். அந்தக் கொலைகளுக்காக முதல் ஆள் தண்டனை பெற்றது 1977இல். இன்னும் இருவருக்கு 2001, 2002 வரை ஆனது. நீதிமன்றத்துக்கு 12 வருஷம் முன்னால் அந்த ஒற்றைத் தாள் வந்து நின்றிருக்கிறது. அன்றைக்குச் சிரித்தது என் தப்புதான்.

போ என்று எழுத இன்னும் கை வரவில்லை. போகாதே என்றதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதைத்தான் வாசிக்கப் போகிறாய் என்றால், அந்தப் புன்னகை வரியில் அவசரப்படாதே. வீட்டுக்குத் திரும்பியதும், எத்தனை மணியானாலும் சரி, கூப்பிடு.

அம்மா