எதிலிருந்து விலகுகிறார் என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உறவில் ஒட்டாமல் விலகியே நிற்பவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அழுதபோது ஆறுதல் கிடைக்காத குழந்தை, வளர்ந்த பிறகு யாரையும் அண்டவிடுவதில்லை என்கிறது கட்டுரை. பலருக்கு இது பொருந்தலாம். ஆனால் அதில் சொன்ன அறிகுறிகளை ஆட்டிசமோ (பழகும் விதமும் புலன் உணர்வும் பிறவியிலேயே வேறுபடும் நிலை) ஏடிஎச்டியோ (கவனம் எளிதில் சிதறும், துடிப்பு மிகும் நிலை) உள்ள பெரியவர்கள் மீது அப்படியே சுமத்துவது அநியாயம். ஆட்டிசம் உள்ள, மணமான பெண்ணாக இதை எழுதுகிறேன்.

கண்ணைப் பார்த்துப் பேசாமை, தொட்டால் விலகுதல், சண்டையின் நடுவே எழுந்து போய்விடுதல் ஆகியவை நெருக்கத்துக்கு அஞ்சும் மனத்தின் அடையாளங்களாம். எனக்கோ ஒலியும் வெளிச்சமும் தொடுதலும் ஓர் அளவைத் தாண்டினால் உடம்பே தாங்காது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு, இத்தகைய புலன் கூர்மையை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. வாக்குவாதம் முற்றினால் எனக்குப் பேச்சு வராது. என்ன உணர்ந்தேன் என்பதே பல நேரம் மறுநாள்தான் புரியும். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தம் உணர்ச்சியை இனங்கண்டு சொல்வதே கடினம். ஏடிஎச்டி உள்ளவர் பதில் அனுப்ப நினைத்து மறந்துபோவதையும் அக்கறையின்மை என்று எழுதிவிட முடியாது.

இப்படிப்பட்டவர் விலகும்போது, எதிலிருந்து விலகுகிறார் என்று பார்க்க வேண்டும். தனியே இருந்து தெளிந்ததும் தானாகவே வந்து பக்கத்தில் உட்காருகிறாரா? அல்லது அன்பு கூடக்கூட இன்னும் தள்ளிப்போகிறாரா? முதலாமவருக்குத் தேவை ஓய்வு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்–சேய்ப் பிணைப்பை ஆராய்ந்த பல ஆய்வுகளை 2004இல் தொகுத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பாதுகாப்பான பிணைப்பே, அதாவது தாயை நம்பி ஆறுதல் தேடும் உறவே, தென்பட்டது. அன்புகொள்ளத் தெரியாதவர்களாக நாங்கள் பிறப்பதில்லை.

உண்மையாகவே நெருக்கத்துக்கு அஞ்சுபவர்களும் எங்களில் உண்டு. அதை மறைக்க மாட்டேன். "இதற்கெல்லாமா அழுவாய்", "எல்லாரையும் போல இரு" என்றே கேட்டு வளர்ந்தவர், தன் தேவையைச் சொன்னால் ஏளனம்தான் மிஞ்சும் என்று கற்றுக்கொள்கிறார். அவருக்கு மனநல ஆலோசனை நிச்சயம் உதவும். ஆனால் இரைச்சலான அறையில் உட்காரவைத்து "மனம் திறந்து பேசுங்கள்" என்று வற்புறுத்தும் ஆலோசனை உதவாது.

மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் துணையின் வலியும் சிறியதன்று. என் கணவர் அதை அனுபவித்திருக்கிறார். எங்களுக்கு உதவியது ஓர் எளிய ஏற்பாடு: எழுந்து போகுமுன் எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போவேன், பேச்சு வராவிட்டால் எழுதிக் காட்டுவேன். சொன்ன நேரத்தில் திரும்புவதை ஒருபோதும் தவறவிட மாட்டேன். அதுவரை அவர் கதவைத் தட்டுவதில்லை.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, ஆட்டிசமும் ஏடிஎச்டியும் உள்ள பெரியவர்களிடமும் அவர்களின் துணைகளிடமும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி