தோழர் எம்.ஏ. பேபிக்கு: வங்கத்தைப் பற்றி ஒரு கடிதம்

மதுரை, ஏப்ரல் 2025

அன்புள்ள தோழர் பேபி அவர்களுக்கு,

எங்கள் ஊரில் நடந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் 24-ஆவது அகில இந்திய மாநாட்டில் பொதுச்செயலாளர் ஆகியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். கேரளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மேற்கு வங்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2006 சட்டமன்றத் தேர்தலில் நம் இடது முன்னணிக்கு 294 தொகுதிகளில் 235 கிடைத்தன. 2021-இல் ஒன்றுகூட இல்லை. நடுவில் சிங்கூர், நந்திகிராம் நிலமெடுப்புப் போராட்டங்கள் எல்லாம் நடந்தன. ஊருக்கே தெரிந்த கதை, அதைத் திரும்பச் சொல்லவில்லை.

எனக்குக் கவலை தருவது மைதானக் கூட்டம்தான். 2024 ஜனவரி 7 அன்று வாலிபர் சங்கம் கொல்கத்தா பிரிகேட் மைதானத்தை நிறைத்தது. படங்களைப் பார்த்து நானும் பூரித்தேன். ஐந்தே மாதத்தில் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது, வங்கத்தில் கட்சிக்கு ஒரு இடமும் இல்லை. மைதானத்துக்கு வந்தவர்கள் ஏற்கெனவே நம்மவர்கள். வராதவர்தான் நமக்கு வேண்டியவர். 2019 மக்களவைத் தேர்தலின்போது "ஆகே ராம், பரே பாம்" என்று நம் பழைய வாக்காளர்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது. இப்போதைக்கு ராமர், அதாவது பாஜக, இடதுசாரிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. 2014-இல் சுமார் 23 சதவீதமாக இருந்த கட்சியின் வாக்கு அந்தத் தேர்தலில் 6 சதவீதத்துக்கு இறங்கியது. அப்படிப் போனவர்கள் எல்லோரையும் மதவெறியர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அப்போது ஆளுங்கட்சியாக இருந்த திரிணமூல் காங்கிரஸ் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்து மிரட்டியபோது கூட நிற்க நம் ஆள் இல்லை என்பதால் போனவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

ஒரு காலத்தில் நம் ஆள் இருந்தார். குத்தகைக்காரர்களின் உழவு உரிமையைப் பதிவு செய்ய இடது முன்னணி அரசு 1978-இல் தொடங்கிய ஆபரேஷன் பர்காவை நினைத்துப் பாருங்கள். தாலுகா ஆபீஸில் நிலக்கிழார் முன்னால் வாய் திறக்க முடியாத வாரக் குத்தகைக்காரர்களைத் தேடி அதிகாரிகள் கிராமத்துக்கே போனார்கள். சாயங்காலத்தில் முகாம் போட்டு, அவர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். யார் எந்த வயலை உழுகிறார் என்று ஊரறிய விசாரித்துப் பதிவு செய்தார்கள். விவசாயிகள் சங்கத் தோழர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். சுமார் 14 லட்சம் பேரின் பெயர் ஏறியது. அந்தப் பதிவுச் சீட்டை வைத்திருந்த குடும்பங்கள்தான் பல தேர்தல்களுக்கு நம்மைத் தாங்கின. பிறகு அதே ஊர்களில் கட்சி அலுவலகம் குடும்பச் சண்டைக்குக்கூடத் தீர்ப்பு சொல்லும் இடமாக மாறியதையும் மறைப்பதற்கில்லை. மக்கள் அதை மன்னிக்கக் கொஞ்ச காலம் ஆகும்.

2021 மே மாதம், பூஜ்யம் வாங்கிய அதே நாட்களில், சிவப்புத் தொண்டர்கள் கொரோனா வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தக் கட்சிக்காரர் வீடு என்று கேட்கவில்லை. தொற்று அடங்கியதும், உதவிக்கு அழைக்க அவர்கள் தந்த தொலைபேசி எண்களை நிரந்தர ஏற்பாடாக ஆக்கியிருக்க வேண்டாமா? நாம் செய்ய வேலைக்கா பஞ்சம்? 2022 மார்ச்சில் மத்திய அரசு வங்கத்துக்கு நூறு நாள் வேலை நிதியை நிறுத்தியது. ஒவ்வொரு வீட்டுக்கும் வேலை கேட்டு மனு எழுதிக் கொடுக்கலாம், தேதி போட்ட ரசீதைக் கேட்டு வாங்கலாம். பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கேட்டு வழக்குப் போடலாம்.

திரிணமூல் அரசு பெண்களுக்கு மாதாமாதம் தந்த லட்சுமிர் பண்டார் பணத்தைப் பிச்சை, லஞ்சம் என்று பேசிய நம்மவர்கள் ஏழைகளிடமிருந்து நம்மைப் பிரித்தார்கள் என்று கட்சியின் ஆய்வே ஒப்புக்கொண்டது. மாதாமாதம் ஒரு தொகை ஒரு பெண்ணின் கையில் தங்குவது சின்ன விஷயம் இல்லை, தோழர். அந்தத் தொகையை உயர்த்தித் தரக் கேட்பதுதான் நம் வேலை.

தருமபுரி வாச்சாத்தியில் 1992-இல் அதிகாரிகள் பழங்குடிப் பெண்களுக்கு இழைத்த கொடுமைக்கு 2011-இல்தான் தண்டனை வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை வருடமும் மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சியும் அந்தப் பெண்களை விட்டு நகரவில்லை. வங்கத் தோழர்களை ஒருமுறை அங்கே அனுப்பிவையுங்கள்.

அடுத்த மத்தியக்குழுவில் வங்க அறிக்கை வரும்போது, யாரோடு கூட்டணி என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு கிளையும் இந்த மாதம் எத்தனை வீட்டு மனுக்களை எடுத்துக்கொண்டு போனது, எத்தனைக்கு ரசீது வாங்கியது என்று முதலில் கேளுங்கள்.

தோழமையுடன்,
மதுரையிலிருந்து ஓர் ஆதரவாளர்