உரிமையோடு நூலையும் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறைக்கு,

வணக்கம். பாரதி படைப்புகளின் உரிமையை 1949இல் ஓமந்தூரார் ஆட்சியில் அரசு வாங்கியது. பாடல்களின் இசைத்தட்டு உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். சில ஆண்டுகளில் எல்லாம் பொதுச்சொத்தாயின. பாரதி மறைந்தது 1921இல்; ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் என்ற அன்றைய சட்டத்தின் போக்கில் விட்டிருந்தால் 1971 முடியும்வரை காத்திருந்திருப்போம்.

அன்று தொடங்கியதை நீங்கள் இன்றும் தொடர்கிறீர்கள். மரபுரிமையருக்குத் தொகை கொடுத்து எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை யாரும் அச்சிடலாம் என்று நாட்டுடைமை ஆக்கியிருக்கிறீர்கள். இப்போதைய சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 2000இல் மறைந்தவரின் நூலை 2061இல்தான் தடையின்றி அச்சிட முடியும். அதற்குள் வீட்டுப் பரணில் கிடக்கும் பிரதி பொடிந்துபோகும். ஆகவே இந்தப் பணத்தை வீண்செலவு என்று யார் சொன்னாலும் ஏற்கமாட்டேன்.

ஆனால் அரசாணை வந்த பிறகு என்ன நடக்கிறது? உரிமை நம்முடையதாகிவிடுகிறது, நூல் கைக்கு வருவதில்லை. அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இந்நூல்கள் பல இருக்கின்றன, அதற்கு நன்றி. இருந்தாலும் பெரும்பாலும் அவை பக்கங்களைப் படமெடுத்த கோப்புகள்தான். ஒரு சொல்லைத் தேட முடியாது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது.

ஓய்வு நேரத்தில் இப்படிச் சில நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ணை, றா எல்லாம் வேறு வடிவில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் கணினி நிரல் அங்கே தடுமாறும். மை கலங்கிய இடத்தில் ணகரமா னகரமா என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிடும் மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களை வைத்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. எத்தனை காலத்துக்கு அவர்கள் தோளிலேயே இதை விட்டுவைப்பது?

ஒவ்வொரு நாட்டுடைமை அறிவிப்போடும் தட்டச்சுக்கும் மெய்ப்புக்கும் தனியாக நிதி ஒதுக்குங்கள். செய்பவருக்குக் கூலி கொடுங்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) முழு உரையையும் வெளியிடுங்கள். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்றும் குறிப்பிடுங்கள். அப்புறம், முன்னுரையும் ஓவியமும் வேறொருவருடையவை என்றால் அவையும் பொதுவா இல்லையா என்பதையும் எழுதிவிடுங்கள். சிறு பதிப்பாளர்கள் தயங்கி நிற்பது அந்த இடத்தில்தான்.

உயிரோடிருக்கும் எழுத்தாளர்களையும் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் தாமே உரிமையைத் துறக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இடம் தருகிறது. அச்சில் இல்லாத ஒரு சிறுவர் நூலுக்கு நியாயமான தொகை கொடுத்தால் பலர் மனமுவந்து தருவார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த அறிவிப்பில் வரும் முதல் எழுத்தாளரிலிருந்தே இதைத் தொடங்கலாம். மெய்ப்புப் பார்க்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்