வடசென்னை கம்ப்யூட்டர் சென்டர் சார், மேடம்களுக்கு: வெப் டிசைன போன்ல இருந்து ஆரம்பிங்க

பெரம்பூர், வியாசர்பாடி, மூலக்கடை, கொருக்குப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர்னு நம்ம பக்கம் முழுக்க கம்ப்யூட்டர் சென்டர் வச்சு வெப் டிசைன் கோர்ஸ் நடத்துற எல்லாருக்கும் வணக்கம். நா தண்டையார்பேட்டைக்காரன், ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில ஃப்ரண்ட் எண்ட் வேலை, அதாவது வெப்சைட்ல கண்ணுக்கு தெரியுற பக்கத்த கட்டுற வேலை பாக்குறேன், உங்ககிட்ட படிச்சிட்டு வர்ற தெரு பசங்க டவுட்டு கேக்க எங்க வீட்டுக்கு வருவாங்க, அதனால உங்க நோட்ஸ் நெறைய என் கண்ணுல பட்டிருக்கு. அத பாத்ததுல மனசுல நிக்கிற ஒரு விஷயத்தத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நீங்க இல்லன்னா நம்ம ஏரியால பாதி பசங்களுக்கு இந்த வேலைக்கு உள்ள நுழைய வழியே இருக்காது. டி.நகருக்கும் வேளச்சேரிக்கும் போய் படிக்க பஸ் காசும் ஆகும் நேரமும் ஆகும், ஃபீஸும் அங்க தாங்காது, பார்ட் டைம்ல கடையில நின்னுட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வர்ற புள்ளைக்கு நீங்கதான் கதவ தொறந்து வச்சிருக்கீங்க. அந்த மரியாதையோடதான் கேக்குறேன்.

கேக்குறது இதான்: சிலபஸ தலைகீழா திருப்புங்க. இப்ப என்ன நடக்குது, முதல்ல பேஜ எழுதுற மொழியான எச்டிஎம்எல், அப்புறம் டேபிள் போட்டு பேஜ் கட்டுறது, அப்புறம் கட்டத்த ஓரமா ஒதுக்குற ஃப்ளோட்டு, ஆயிரம் பிக்சல் (ஸ்க்ரீன் புள்ளி) அகலத்துக்கு ஒரு டிவ் (கட்டம்), கோர்ஸ் முடியப்போற நேரத்துல ஸ்க்ரீன் அளவுக்கு ஏத்தபடி பேஜ் மாறுற ரெஸ்பான்சிவ்னு ஒரு கிளாஸ், அதுல பூட்ஸ்ட்ராப்னு ஒரு ஃப்ரேம்வொர்க் (ரெடிமேடா எழுதி வச்ச கோடு) பேரு, ஒரு லிங்க காப்பி பண்ணி ஒட்ட சொல்லுவாங்க, முடிஞ்சுது. ஆனா படிக்கிற புள்ளைங்க கையில இருக்கிறது என்ன? போனு. லேப்டாப் நெறைய வீட்டுல கெடையாது. அவங்க கட்டுன பேஜ அம்மாவுக்கு காட்டுறதும் போன்ல, ஃப்ரெண்டுக்கு அனுப்புறதும் வாட்சப்ல, நாளைக்கு ஒரு கடைக்காரர் இவங்ககிட்ட வெப்சைட் கேட்டா அதப் பாக்கப்போற கஸ்டமரும் போன்லதான் பாப்பாங்க. அப்ப போன் ஸ்க்ரீன கடைசி கிளாஸுக்கு தள்ளுறது எந்த விதத்துல நியாயம்னு நீங்களே யோசிங்க.

முதல் நாள்லயே சொல்லிக்குடுக்க வேண்டிய ஒரு வரி இருக்கு, வியூபோர்ட் மெட்டா டேக், பேஜ எவ்ளோ அகலத்துல வரையணும்னு ப்ரவுசருக்கு சொல்றது. நா பாத்த நோட்ஸ்ல நெறைய எடத்துல அந்த வரியே இல்ல, இருந்தாலும் எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. விஷயம் என்னன்னா, அந்த வரி இல்லன்னா போன் ப்ரவுசர் இது கம்ப்யூட்டருக்காக கட்டுன பேஜுன்னு முடிவு பண்ணி 980 பிக்சல் அகலமா அத வரைஞ்சு அப்புறம் மொத்தத்தையும் சுருக்கி சின்ன ஸ்க்ரீன்ல அடக்கும், அதான் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது. அந்த வரிய போட்டா, பேஜோட அகலமும் போனோட அகலமும் ஒண்ணுன்னு எடுத்துக்கும், இன்னிக்கு சாதாரண ஆண்ட்ராய்டு போன் நெறைய 360 பிக்சல் கணக்குல வருது. பூட்ஸ்ட்ராப் போட்டும் போன்ல ஒண்ணும் மாறலன்னு பசங்க வந்து நிக்கிறப்ப, நா மொதல்ல தேடுறது இந்த ஒரு வரியத்தான், அது இல்லாம ஃப்ரேம்வொர்க்கோட எந்த கிளாஸும் (டிவ்ல நாம எழுதுற ஸ்டைல் பேரு) சின்ன ஸ்க்ரீன சின்ன ஸ்க்ரீன்னு புரிஞ்சிக்காது.

அடுத்தது கிரிட், பேஜ கட்டம் கட்டமா பிரிக்கிற முறை. இத நம்ம எம்.சி.ரோடு ஜவுளிக்கடைய வச்சே சொல்லலாம். ஒரு பொடவை கடைக்கு பேஜ் கட்டுறோம்னு வைங்க. பூட்ஸ்ட்ராப் ஒரு வரிசைய 12 பங்கா பிரிக்கும். போன்ல ஒரு வரிசைக்கு ரெண்டு பொடவை படம் வரணும்னா கோல்-6, அதாவது ஒவ்வொண்ணுக்கும் ஆறு பங்கு அகலம், ஏன்னா ஆறும் ஆறும் பன்னெண்டு. டேப்லெட்ல மூணு வேணும், கோல்-எம்டி-4. கம்ப்யூட்டர்ல நாலு, கோல்-எல்ஜி-3. மூணு கிளாஸையும் ஒரே டிவ்ல பக்கத்துல பக்கத்துல எழுதணும், அவ்ளோதான். எம்டின்னா 768 பிக்சலும் அதுக்கு மேலயும், எல்ஜின்னா 992ம் அதுக்கு மேலயும். இந்த "மேலயும்"ங்கறது தான் உயிர் நாடி சார், தயவுசெஞ்சு இத போர்டுல பெருசா எழுதுங்க. எம்டி, எல்ஜின்னு எதுவும் சேக்காத கோல்-6 சின்ன ஸ்க்ரீனுக்கு, அங்க இருந்து மேல ஏற ஏற ஒவ்வொண்ணா மாத்திட்டு போறோம். போன்லதான் ஆரம்பம், இந்த ஃப்ரேம்வொர்க்க கட்டுனதே அப்படித்தான். 2011ல ட்விட்டர்ல வேலை பாத்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் இத வெளிய விட்டாங்க, 2013ல வந்த மூணாவது வெர்ஷன்ல இருந்து மொபைல் ஃபர்ஸ்ட்டுன்னு மொத்தமா மாத்திட்டாங்க. கருவி போன்ல இருந்து ஆரம்பிக்குது, நீங்க எடுக்குற பாடம் கம்ப்யூட்டர்ல இருந்து ஆரம்பிக்குது, அங்கயே பசங்களுக்கு குழப்பம் வந்துடுது.

கிரிட்ல இன்னொரு தொல்லை, பேஜ் சைடுல லேசா ஆடும், வெரல வச்சு தள்ளுனா வலது பக்கம் வெள்ளையா ஒரு கீத்து தெரியும். காரணம் ரோ, அதாவது ஒரு வரிசைக்கான டிவ். ரோவுக்கு ரெண்டு பக்கமும் 12 பிக்சல் மைனஸ் மார்ஜின் (வெளிய இழுக்கிற இடைவெளி) இருக்கு, அத சுத்தி இருக்கிற கன்டெய்னர் டிவோட பேடிங் (உள் இடைவெளி) தான் சரிக்கட்டுது. கன்டெய்னர் இல்லாம ரோவ நேரா பேஜோட பாடில போட்டா அந்த 12 பிக்சல் வெளிய நீட்டிக்கும். கன்டெய்னருக்குள்ள ரோ, ரோவுக்குள்ள நேரா கோல் மட்டும், நம்ம எழுத்து படம் எல்லாம் கோலுக்கு உள்ள. இந்த அடுக்கு மனசுல பதிஞ்சிட்டா பாதி டவுட்டு வராது.

இப்ப நா ரொம்ப வருத்தப்படுற விஷயத்துக்கு வர்றேன். நோட்ஸ் பூட்ஸ்ட்ராப்போட ஒரு வெர்ஷன், லிங்க் வேற வெர்ஷன். எங்க தெருவுல ஒரு பொண்ணு, நம்ம பக்கத்து சென்டர் ஒண்ணுல படிச்சது, பேர் வேணாம், ப்ராஜெக்ட்ல மெனு பட்டன் தொறக்கலன்னு ராத்திரி பூரா உக்காந்து அழுதுட்டு காலைல வந்துச்சு. கோடு பாத்தா அது எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல, நோட்ஸ்ல இருக்கிறபடி அப்படியே இருக்கு, பட்டன தட்டுனா தொறக்க சொல்ற டேட்டா-டாகில்னு. ஆனா லிங்க் கொடுத்தது அஞ்சாவது வெர்ஷனுக்கு, அதுல அது டேட்டா-பிஎஸ்-டாகில்னு மாறிப்போச்சு, பழச எழுதுனா அது எந்த எரரும் காட்டாம சும்மா இருக்கும். அந்த பொண்ணு தனக்கு இந்த படிப்பு வராதுன்னே முடிவு பண்ணிடுச்சு சார். ரெண்டு எழுத்து சேத்தா தொறந்துச்சு மெனு. இதே மாதிரி சின்ன ஸ்க்ரீனுக்கான கோல்-எக்ஸ்எஸ் மூணாவது வெர்ஷனோட போச்சு, 2018ல வந்த நாலுல இருந்து எக்ஸ்எஸ் கெடையாது. 2021ல வந்த அஞ்சுல இடது பக்க இடைவெளிக்கான எம்எல்-3 போய் எம்எஸ்-3 ஆச்சு, டெக்ஸ்ட்-லெஃப்ட் போய் டெக்ஸ்ட்-ஸ்டார்ட் ஆச்சு, ஏன்னா அரபி உருது மாதிரி வலது பக்கத்துல இருந்து எழுதுற மொழிக்கும் சேத்து யோசிச்சாங்க, ஜேக்வெரிங்கற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியும் தேவையில்லன்னு எடுத்துட்டாங்க. நோட்ஸ் முதல் பக்கத்துல எந்த வெர்ஷன்னு எழுதுங்க, வருஷத்துக்கு ஒரு தடவ எடுத்து சரி பாருங்க. பழச வச்சு நடத்தணும்னாலும் பரவால்ல, லிங்கும் அதே வெர்ஷனா இருக்கட்டும்.

தமிழ்ல பேஜ் கட்டுறத பத்தி எந்த நோட்ஸ்லயும் ஒரு வரி நா பாக்கல, நம்ம பசங்களுக்கு மொதல்ல வரப்போற கஸ்டமர் தமிழ்லதான் கேப்பாங்க, கல்யாண மண்டபம், டிபன் கடை, மீன் கடை, டியூஷன் சென்டர்னு. இங்கிலீஷ்ல அழகா நிக்கிற அதே கார்டு (பார்டர் போட்ட பெட்டி) தமிழ்ல ஒடையும். 360 பிக்சல் போன்ல கோல்-6 போட்டா உள்ள கெடைக்கிற எடம் 156 பிக்சல்தான், அதுல கார்டு போட்டா அதோட பேடிங் போக இன்னும் கொறையும், 120 சொச்சம் மிஞ்சும். அந்த எடத்துல திருவொற்றியூர்னு தலைப்பு வச்சா எங்க அடங்கும்? திருவொற்றின்னு ஒரு வரி, யூர்னு தனியா அடுத்த வரின்னு வெட்டி போட்டிருந்தத நானே பாத்தேன், கார்டு நீளமான வார்த்தைய நடுவுல ஒடச்சிடும், கார்டு இல்லாத எடத்துல பக்கத்து கட்டத்துக்குள்ள நீட்டிக்கும். ஊர் பேரு, ஆள் பேரு வர்ற கார்டுக்கு போன்ல கோல்-12 வச்சு ஒண்ணொண்ணா அடுக்கிடுங்க, எம்டில இருந்து பிரிச்சிக்கலாம்.

அப்புறம் வரி இடைவெளி. பூட்ஸ்ட்ராப் தலைப்புக்கெல்லாம் லைன் ஹைட் (வரி உயரம்) எழுத்து சைஸுக்கு 1.2 மடங்கு தான் வச்சிருக்கு, இங்கிலீஷுக்கு அது போதும். நமக்கு மேல சுழி, புள்ளி, கீழ கூ, மூன்னு வால் எல்லாம் இருக்கு, தலைப்பு ரெண்டு வரியா வந்தா மேல் வரி வாலும் கீழ் வரி சுழியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி நெருக்கும். நம்ம சொந்த சிஎஸ்எஸ்ல (பேஜோட தோற்றத்த எழுதுற கோடு) தலைப்புக்கு 1.5, பத்திக்கு 1.7னு வச்சு பாருங்க, படிக்கவே சுகமா இருக்கும். அந்த சொந்த ஃபைல பூட்ஸ்ட்ராப் லிங்குக்கு கீழதான் வைக்கணும், மேல வச்சா ஃப்ரேம்வொர்க் சொல்றதுதான் ஜெயிக்கும். மெனுலயும் ஹோம், அபௌட், கான்டாக்ட்னு வச்சா ஒரே வரில நிக்கும், முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்குன்னு இப்படி நீளமா நெறைய எழுதுனா 992ல ரெண்டு வரியா மடங்க சான்ஸ் இருக்கு, அப்ப மெனு எந்த அகலத்துல விரியணும்னு சொல்ற நாவ்பார்-எக்ஸ்பேண்ட்-எல்ஜிக்கு பதிலா எக்ஸ்எல் போட்டா 1200 வரைக்கும் மெனு பட்டனுக்குள்ளயே இருக்கும். இதெல்லாம் நம்ம ஊர்ல நம்மதான் சொல்லித்தரணும், ஃப்ரேம்வொர்க்கோட டாக்குமெண்ட்ல வராது.

பூட்ஸ்ட்ராப் வேணாம், டெயில்விண்ட்ங்கற இன்னொரு ஃப்ரேம்வொர்க் சொல்லிக்குடுங்கன்னு சில பேர் சொல்லுவாங்க, இன்டர்வியூல அதயும் கேக்குறாங்க, உண்மைதான். என் கருத்து, எது சொல்லிக்குடுத்தாலும் அதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெறும் சிஎஸ்எஸ்ல ஸ்க்ரீன் அகலத்த பாத்து மாத்துற ஒரு மீடியா க்வெரியயும், கட்டங்கள பக்கத்துல பக்கத்துல அடுக்குற ஒரு ஃப்ளெக்ஸ்பாக்ஸையும் பசங்க கையாலயே எழுதட்டும். ஸ்க்ரீன் 768 தாண்டுனா ரெண்டு டிவ் பக்கத்துல பக்கத்துல வரணும், அவ்ளோ போதும். அத எழுதுன புள்ளைக்கு கோல்-எம்டி-6 உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும், நாளைக்கு டெயில்விண்டோ வேற ஏதோ வந்தாலும் பயப்படாது. டேபிள் லேஅவுட்டுக்கு செலவு பண்ற கிளாஸ இதுக்கு எடுத்துக்கலாம், டேபிள் விலைப்பட்டியலுக்கு மட்டும் போதும்.

லேப் விஷயம் கொஞ்சம். நெட்டு அடிக்கடி போகுதுன்னு சொல்றீங்க, நியாயம்தான், ஆனா பூட்ஸ்ட்ராப்புக்கு நெட்டே வேணாம், பூட்ஸ்ட்ராப் டாட் மின் டாட் சிஎஸ்எஸ், பூட்ஸ்ட்ராப் டாட் பண்டில் டாட் மின் டாட் ஜேஎஸ், இந்த ரெண்டு ஃபைல எறக்கி எல்லா மெஷின்லயும் போட்டுட்டா போதும், எம்ஐடி லைசென்ஸ், காசு கெடையாது. அப்புறம் டெஸ்டிங். குரோம்ல எஃப்12 தட்டி போன் சைஸ்ல பாக்குறது நல்லதுதான், ஆனா நெஜ போன்ல பாக்க வைங்க. விஎஸ் கோடுங்கற எடிட்டர்ல லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் போட்டு, லேப் மெஷினும் போனும் ஒரே வைஃபைல இருந்தா, மெஷினோட ஐபி அட்ரஸும் 5500ங்கற போர்ட்டும் போன் ப்ரவுசர்ல அடிச்சா பேஜ் வந்துடும். விண்டோஸ் ஃபயர்வால் ஒரு தடவ பெர்மிஷன் கேக்கும், அலோ குடுங்க. தான் எழுதுன பேஜ் தன் போன்ல, பட்டன் தன் வெரலுக்கு அடங்குறப்ப அந்த புள்ள மொகத்த நீங்க பாக்கணும்.

கடைசியா ப்ராஜெக்ட். எல்லா சென்டர்லயும் அதே ஏர்லைன்ஸ் சைட்டு, அதே ஹோட்டல் புக்கிங், எங்கயோ எறக்குன டெம்ப்ளேட்டு. ஏன் சார்? காசிமேட்டுல இன்னிக்கு என்ன மீன், என்ன வெலைன்னு காட்டுற ஒரு பேஜ், தெரு முனை அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்கு ஒரு மெனு, கேரம் கிளப்புக்கு ஒரு டோர்னமெண்ட் பேஜ், இதெல்லாம் பசங்களுக்கு உள்ளங்கை மாதிரி தெரிஞ்ச விஷயம், எது போன்ல மொதல்ல தெரியணும்னு அவங்களே சொல்லுவாங்க. மீன் வெலை தேடி வர்றவங்களுக்கு முதல்ல பெரிய பேனர் படம் வேணாம், வெலை தான் வேணும். அத புரிஞ்சு மேல வைக்கிறதுதான் லேஅவுட்டு. சர்டிஃபிகேட் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த பேஜ ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன்ல தொறந்து, சைடுல ஆடாம, ஜூம் பண்ணாம படிக்க முடியுதான்னு மட்டும் பாருங்க.

அஞ்சாவது வெர்ஷனுக்கு தமிழ்ல நோட்ஸ் வேணும்னா நா எழுதித் தர்றேன், தமிழ் எழுத்துக்கு வேணுங்கற அந்த சின்ன சிஎஸ்எஸ் ஃபைலும் சேத்து. ஞாயித்துக்கிழமைல லேப் தொறந்து வச்சீங்கன்னா வந்து பசங்களோட உக்காரவும் ரெடி, எனக்கு காசு எதுவும் வேணாம். அடுத்த பேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சிலபஸ் பேப்பர கையில எடுக்கறப்ப ரெஸ்பான்சிவ்ங்கற அந்த கடைசி கிளாஸ முதல் வாரத்துக்கு கொண்டாந்துடுங்க.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில இருந்து ஒரு ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர்