மடிப்புப் புத்தகத்தின் பை கிழிவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலத்தில் சிறுவர் பக்கங்களில் வரும் கைவினைக் குறிப்புகளில் பை வைத்த மடிப்புப் புத்தகம் தவறாமல் இடம்பெறுகிறது; நீளமான தாளை விசிறிபோல் மடித்து, அடிப்பகுதியை மேலே மடக்கிப் பையாக்கிய சிறு புத்தகம் அது. படம் அழகாக இருக்கும். ஆனால் எந்தத் தாள், எந்த வாக்கில் மடிப்பது என்ற இரண்டும் இருக்காது. பிள்ளைகள் ஆசையாகச் செய்தது சில நாட்களில் கிழிந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். அடுத்த முறை கீழ்க்கண்டவற்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

ஜெராக்ஸ் தாள் இதற்கு மெலிசு. 120 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவுள்ள மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத அச்சுத்தாள் அல்லது சாதாரண சார்ட் போதும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஜி.எஸ்.எம். சொல்லியே கேட்கலாம். பளபளப்பான ஆர்ட் பேப்பர் மடிப்பில் வெடிக்கும். பாடப்புத்தகத்துக்கு அட்டை போடும் வழவழப்பான பிரவுன் ஷீட்டில் பசை ஒட்டாது.

காகிதத்துக்கு இழையோட்டம் உண்டு. ஆலையில் கூழ் ஓடும் திசையில் நார்கள் படிவதால் வருவது அது; அச்சகத்தில் கிரெயின் என்பார்கள். சார்ட்டை மடிக்காமல் இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாகச் சுருளும்போது வரும் குழாயின் நீளவாக்குதான் இழை. விசிறி மடிப்புகள் அதற்கு இணையாகவே விழ வேண்டும். 22×28 அங்குல சார்ட்டில், அதாவது ஏறத்தாழ 56×71 செ.மீ. தாளில், இழை 56 பக்கமாக ஓடினால் 68×18 செ.மீ. அளவில் மூன்று பட்டை வெட்டலாம். எட்டுப் பக்கம், ஒவ்வொன்றும் 8.5 செ.மீ. இழை 71 பக்கமாக ஓடினால் பட்டை 56×18, பக்கம் 7 செ.மீ. அப்போதும் மூன்று புத்தகம் வரும்.

கீழிருந்து 6 செ.மீ. மேலே மடிப்பதுதான் பை. மீதி உயரம் 12. பலரும் பையை முதலில் மடித்துவிடுகிறார்கள். இரட்டைத் தாளில் விசிறி மடிப்பு கூர்மையாக விழாது. முதலில் ஒற்றைத் தாளில் ஏழு மடிப்பையும் போட வேண்டும். பாதி, பாதியாக மூன்று முறை அடுக்கி மடித்தால் உள்பக்கங்கள் குறுகிவிடும். ஓரத்தை முந்தைய கோட்டோடு சேர்த்து ஒவ்வொன்றாக மடியுங்கள். பை மேலே மடிந்ததும் அந்தப் பகுதியில் மட்டும் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அதனால் ஏழையும் முன்னும் பின்னும் மடித்துப் பழக்கிவிட வேண்டும். இதை விட்டுவிட்டு அழுத்தினால் இரண்டு மடிப்பும் சந்திக்கும் கீழ்மூலையில் தாள் கிழியும். பை மடிப்பு இழைக்குக் குறுக்கே போவதால், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்திவிட்டு மடிப்பது நல்லது.

பையின் இரு முனைகளிலும் 3 மி.மீ. அகலத்துக்கு மட்டும் பசை. காயும்வரை உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கட்டும். நடுவில் உள்ள மடிப்புகளில், பையின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு தையல் போடாவிட்டால் பஸ் டிக்கெட் போன்ற சிறு தாள்கள் பக்கத்துப் பைக்கு நழுவும். ஸ்டேப்ளர் வேண்டாம், நம் கடற்காற்றில் பின் துருப்பிடித்துப் பழுப்புக் கறை விடும்.

மைதாப் பசையே நல்லது, ஆனால் மெல்லிதாகத் தடவ வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் காய நேரமாகும். பூச்சி வராமலிருக்க பைண்டர்கள் அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது உண்டு. அது விஷம். பிள்ளைகள் கைக்கு வரும் பசையில் கூடவே கூடாது. இதைத் தனியாகக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

மேலட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையே போதும். நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக, 8.5 செ.மீ. புத்தகத்துக்கு 9.1×12.6 அளவில் இரண்டு துண்டு. ஒட்டியதும் கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைக்காவிட்டால், ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையை வளைத்துவிடும்.

படத்தோடு இழையின் திசைக்கு ஓர் அம்புக்குறியும் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
புத்தகம் கட்டுபவர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5