கேட்டது படம் பார்க்க ஒரு மென்பொருள்

லினக்ஸுக்கு மென்பொருள் எழுதிப் பேக்கேஜாகக் கட்டித் தருகிறவர்களுக்கு,

வணக்கம். திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர், அதில் விண்டோஸுக்குப் பதில் டெபியன் என்ற லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். போன வாரம் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய படங்களைப் பார்க்க, உங்களில் ஒருவருடைய மென்பொருளை நிறுவினேன். நல்ல மென்பொருள்தான். மறுநாள் காலை, கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் பார்க்கப் பெண்ணின் அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். பிரவுசரில் இறங்கிய கோப்பைத் தேடிக் கோப்புறையைத் திறந்தால், வழக்கமாகக் கோப்புறைகளைத் திறந்து காட்டும் துனார் வரவில்லை. உங்கள் மென்பொருள் கறுப்பாக விரிந்து, படம் எதுவும் இல்லை என்கிறது.

"சிஸ்டம் போச்சா தம்பி?" என்றார்.

போகவில்லை. காரணம், மென்பொருளைப் பற்றி சிஸ்டத்துக்குச் சொல்லும் உங்கள் டெஸ்க்டாப் கோப்பில், எதையெல்லாம் திறக்க முடியும் என்று அறிவிக்கும் மைம்டைப் வரி. ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் சரி. கடைசியில் 'ஐநோட் டைரக்டரி', அதாவது கோப்புறை. இன்னதுதான் வேண்டும் என்று நான் குறித்து வைக்காதவரை, 'நான் திறப்பேன்' என்று இப்படிக் கை தூக்கிய மென்பொருள்களில் ஒன்றை சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். எதை எது திறக்கும் என்று குறிக்கும் எக்ஸ்டிஜி மைம் கட்டளையில் துனாரைக் குறித்தேன், முடிந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். அவர் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார்.

அதோடு விட்டதா? லாகின் செய்ததும் உங்கள் ஐகான் தானாகக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. கோபத்தில், மென்பொருளை நீக்கும் ஆப்ட் ரிமூவ் கட்டளையைக் கொடுத்தேன். சிஸ்டத்தின் அமைப்புகள் இருக்கும் எட்சி கோப்புறைக்குள், லாகினில் உங்களை எழுப்பும் ஆட்டோஸ்டார்ட் கோப்பு அப்படியே கிடந்தது. அதைத் துடைக்க, அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும் பர்ஜ் வேண்டும். என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோமில் நீங்கள் எழுதி வைத்ததையோ பர்ஜும் தொடாது. சென்னையில் வீட்டைக் காலி செய்தால் ஆணி அடித்த ஓட்டைக்குக்கூட அட்வான்ஸில் பிடிப்பார்கள். உங்களிடம் யார் பிடிப்பது?

முன்பு ஒருமுறை கேடிஇ என்ற வேறு டெஸ்க்டாப்பை நிறுவியபோது லாகின் திரையே மாறிப்போனது. அது என் தப்பு. லாகின் திரைக்குப் பழைய லைட்டிஎம்மா புதிய எஸ்டிடிஎம்மா என்று நீலத் திரை போட்டுக் கேட்டது, நான்தான் படிக்காமல் புதியதில் என்டரைத் தட்டினேன். டிபிகேஜி ரீகான்ஃபிகர் லைட்டிஎம் என்று கட்டளை கொடுத்து, மறுபடி கேட்டபோது லைட்டிஎம்மைத் தேர்ந்ததும் பழைய திரை வந்துவிட்டது. அப்படிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். கோப்புறையைத் திறக்கத் தெரிந்தாலும் மைம்டைப்பில் கை தூக்காதீர்கள். லாகினில் எழுந்திருக்க வேண்டுமா என்று முதல் தடவை கேளுங்கள். 'வேண்டாம்' முன்கூட்டியே டிக் ஆகியிருக்கட்டும்.

பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் மென்பொருளை நேற்று மறுபடி நிறுவிக்கொண்டேன். இந்தத் தடவை துனாரைக் குறித்து வைத்த பிறகு.